பாஸும் சீட்டும் பதினான்காம் கேள்வியும்

போன கிழமை சிஹானா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் பதினெட்டு வருடம் இருந்த மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். துறைமுகத்துக்குள் போகும் எங்கள் கம்பனி ஆட்களுக்குப் பாஸ் எடுத்துக் கொடுக்கும் மேசை அது.

"அங்கிள், ஒரு டவுட். லீசிங்ல த்ரீவீல் எடுத்த ஆக்களும் ஈக்காங்க, கிரெடிட் கார்ட் கடன் ஈக்குற ஆக்களும் ஈக்காங்க. எல்லாத்தையும் போமில போடணுமா? ஒவ்வொருத்தரும் வந்து சண்டை பிடிக்காங்க."

"எத்தனையாவது கேள்வி?" என்றேன்.

"பதினாலாவது."

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "நம்பர்கூட மாறலியா!"

"எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதான். ஆனா நம்பர் மாறல்ல. அதுக்குக் கீழ ஒரு வரி ஈக்குது பாருங்க, 'சீட்டுக் கட்டுகிறீர்களா? எத்தனையாம் மாதம் எடுத்தீர்கள்?' எண்டு. இத யாரு அங்கிள் போட்டது? பார்க்கிற ஆக்களெல்லாம் சிரிக்காங்க."

அந்த வரி வந்த கதை எனக்குத் தெரியும். அந்த வரிக்குக் காரணமே நான்தான். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அவளுடைய வேலை கெட்டுப்போகும் என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகிறது. கை நிற்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதினைந்து வயதில் அட்டனிலிருந்து ரயிலேறி வந்து மருதானையில் இறங்கினேன். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சுட்டேன். ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்தேன். லொறியில் கிளீனராகப் போனேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மூன்று வருடம் எழுத்துக் கோர்த்தேன். ஓர் இடத்தில் இருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அந்த அச்சகத்தால் ஒரு லாபம் கிடைத்தது. சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்துவிட்டது, எழுத்து எழுத்தாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக.

கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, கயிறு, சவர்க்காரம் கொடுக்கும் கம்பனியொன்றில் எடுபிடி வேலைக்குப் போனது அதன் பிறகு. யுத்தம் மூண்டிருந்த காலம். துறைமுக வாசலில் பாஸ் இல்லாமல் ஓர் ஈ கூடப் போக முடியாது. அந்தப் பாஸுக்கு விண்ணப்பிக்க முதல், கம்பனியே தன் ஆட்களை விசாரித்து ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். விசாரிப்பவர் மேஜர். இராணுவத்திலிருந்து இளைப்பாறியவர். கல்கிசையிலிருந்து ரயிலில் வருவார். முழங்கால் வரை காலுறை, சீவி வைத்த இரண்டு பென்சில், சீனி போடாத தேநீர். சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். எங்கள் எல்லோரையும் 'மல்லி' என்பார், சிங்களத்தில் தம்பி.

படிவத்தில் கடந்த பத்து வருட விலாசங்களை எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள். எனக்குப் பதினொரு விலாசம். தனித்தாள் வாங்கி எல்லாவற்றையும் எழுதினேன். மருதானையில் லொறிக்குள்ளேயே படுத்த நான்கு மாதத்தையும் விடவில்லை. விலாசம் என்ற இடத்தில் லொறியின் நம்பரைப் போட்டேன்.

மேஜர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"மல்லி, நீ தபால்காரனா, கள்ளனா?"

"ரெண்டும் இல்லீங்க சேர். வேலை தேடினவன்."

"லொறி நம்பர் எதுக்கு?"

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. எடுபிடி வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னைத் தன் அறையில் மேசை போட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து மற்றவர்களின் படிவங்களை நிரப்புவது என் வேலை. துறைமுகத்தில் எல்லோரும் என்னைப் 'பாஸ் அண்ணன்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வாசலில் நிற்கும் சிங்களச் சிப்பாய்கள்கூட அப்படித்தான்.

மேஜர் விசாரிக்கும் முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பதின்மூன்று கேள்வியை ஒரு தரம்தான் கேட்பார். பதினான்காவதை மட்டும் மூன்று தரம் கேட்பார். 'தற்போது யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியுள்ளதா?' என்பது அது. முதல் தரம் படிவத்தைப் பார்த்தபடி கேட்பார். இரண்டாம் தரம் தேநீர் வந்தபின், கதையோடு கதையாகக் கேட்பார். மூன்றாம் தரம், ஆள் எழும்பிக் கதவில் கை வைத்தபின். "ஆ, மல்லி, ஒருத்தனுக்கும் சல்லி குடுக்க இல்லதானே?" கதவில் கை வைத்தவனின் முதுகைத்தான் அவர் பார்ப்பார். முகத்தைப் பழக்கி வைக்கலாம், முதுகைப் பழக்க முடியாது என்பார்.

பதிலை அவர் பென்சிலால் எழுதுவார். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும். பத்து மணிக்கு முன்னால் வந்து பதிலை மாற்றச் சொன்னால் அழிறப்பரால் அழித்துவிடுவார். ஒரு வார்த்தை ஏச மாட்டார். பத்து மணிக்குப் பிறகு அது அந்த ஆளின் சத்தியம்.

ஒருமுறை குதிரைப் பந்தயத்தில் அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்ட பாரந்தூக்கிச் சாரதி ஒருவர், ஆறு பேரின் பெயரோடு கடனை எழுதிக் கொடுத்தார். மேஜர் அவருக்குப் பாஸ் எடுத்துக் கொடுத்தார். அதே கிழமை, வெறும் இரண்டாயிரம் ரூபாய் கடனை ஒளித்த களஞ்சியக்காரரைத் திருப்பி அனுப்பினார். எனக்கு விளங்கவில்லை. கேட்டே விட்டேன்.

"சேர், அறுபது உள்ளே, ரெண்டு வெளியே. என்ன கணக்கு இது?"

"மல்லி, அறுபதாயிரம்காரன்கிட்ட ஒருத்தன் வந்து, 'இந்தப் பார்சலை உள்ளே கொண்டுபோ, இல்லாட்டி உன்ட கடனைப் பத்தி மேஜர்கிட்ட சொல்லுவேன்' எண்டு சொன்னா அவன் என்ன செய்வான்? சிரிப்பான். மேஜருக்குத்தான் எல்லாம் தெரியுமே! ரெண்டாயிரம்காரன் என்ன செய்வான்?"

"பார்சலைக் கொண்டு போவான்."

"பார்சலுக்குள்ள என்ன இருக்கும்?"

குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்குக் கொழும்பில் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. நான் வெறும் படிவம் நிரப்பவில்லை, ஒரு வாசலைக் காக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வேலையை விட்டு ஓட மனம் வரவில்லை.

இரண்டு வருடம் வரவில்லை. பிறகு வந்தது.

கொட்டாஞ்சேனையில் பிலோமினா அக்கா என்று ஒருவர் சட்டை தைப்பார், சீட்டும் பிடிப்பார். இருபது பேர், மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய். மாதம் ஒருவர் இருபதாயிரத்தையும் எடுக்கலாம். எடுத்தவர் மீதி மாதங்களுக்குத் தொடர்ந்து கட்ட வேண்டும். நான் நாலாம் மாதம் எடுத்தேன். எடுத்ததை அப்படியே ஓர் ஏஜெண்டின் கையில் கொடுத்தேன். கப்பலில் மாலுமி வேலை, கிரேக்கக் கொடி, உலகம் முழுக்கப் போகலாம் என்றான். தினமும் கப்பலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு கிழமையில் அவனுடைய அறைக்குப் பூட்டு விழுந்தது. காசு போனது. கட்டுவதற்குப் பதினாறு மாதம் மிச்சம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் பாஸைப் புதுப்பிக்கும் முறை வந்தது. மேஜர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் "இல்லீங்க சேர்" என்றேன். காசுக்காக அல்ல. சீட்டைச் சொன்னால் காசு எங்கே என்று கேட்பார். கப்பலில் போகப் பார்த்தேன் என்று யுத்த காலத்தில் ஒரு தமிழன் துறைமுகத்துக்குள் இருந்து சொல்ல முடியுமா? மறுநாள் பத்து மணிக்கு என் பொய்யின்மேல் நானே பேனாவால் எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

அடுத்த நாள் மரியதாஸின் முறை. மரியதாஸ் எங்கள் கம்பனிப் படகில் வேலை செய்தவன், கொட்டாஞ்சேனைக்காரன், வாய் ஓயாதவன். அதே சீட்டில் இரண்டாம் மாதம் எடுத்துத் தங்கச்சியைக் குவைத்துக்கு அனுப்பியவன்.

"கடன் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு சதம் இல்ல அண்ணே. நம்மள நம்பி யாரு கடன் தருவான்?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சீட்டு கடன் அல்ல. அது சீட்டு, அவ்வளவுதான். கடன் என்றால் ஒருவன் வாசலில் வந்து நின்று கத்த வேண்டும். மேஜரிடமும் அதையே மூன்று தரம் சிரித்துக்கொண்டு சொன்னான். அவனுடைய முதுகில் ஒரு மாற்றமும் இல்லை. 'தம்பி, சீட்டும் கடன்தான்' என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிலோமினா அக்காவின் சீட்டுக் கணக்குக் கொப்பி வெளியே வரும். அதில் நான் இருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு அவனுக்கும் 'இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் கொட்டாஞ்சேனையைச் சுற்றிவளைத்துச் சோதனை நடந்தது. அது அப்போது வழமை. அன்று மரியதாஸ் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேஜர் என்னைக் கூப்பிட்டார். அவனையும் பிலோமினா அக்காவையும் பிடித்து வைத்திருந்த பொலிஸ் அனுப்பிய ஒரு போட்டோக்கொப்பி மேசையில் கிடந்தது. பிலோமினா அக்காவின் கையெழுத்து. இருபது பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆயிரம், ஆயிரம், ஆயிரம். கீழே யாரோ சிங்களத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள்.

"அந்தப் பொம்பிளை சீட்டு எண்டு சொல்றா," என்றார் மேஜர். "பொலிஸ் நம்புறதுக்குத் தயார். ஆனா இங்க பார். நாலாவது ஆள்."

நாலாவது வரியில் பிலோமினா அக்கா 'பாஸ்' என்று எழுதியிருந்தார். வேறொன்றும் இல்லை. மொழிபெயர்த்தவர் அதைத் தலைவன் என்று எழுதி இரண்டு கோடு கீறியிருந்தார்.

"இயக்கத்துக்குச் சேர்த்த காசு, இந்தத் தலைவன்தான் வாங்கிப் போறவன் எண்டு பொலிஸ் நினைக்குது. பொம்பிளைகிட்ட கேட்டதுக்கு, அது என்ட சொந்தக்காரன், ஊருக்குப் போயிட்டான் எண்டு சொல்லியிருக்கா. எந்த ஊர், என்ன பேர் எண்டு கேட்டா மாறி மாறிச் சொல்றா. மரியதாஸ் வாயே திறக்கிறான் இல்ல. நாளைக் காலைல ரெண்டு பேரையும் மேலிடத்துக்கு அனுப்பினா, மாசக் கணக்கு. வருசமும் ஆகலாம்." பென்சிலை எடுத்தார். "உனக்குத்தான் எங்கட ஆக்கள் எல்லாரையும் தெரியும். யாரு இந்த பாஸ்?"

எனக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. அவர்கள் இரண்டு பேரும் என்னைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். துறைமுகத்து ஆளின் பெயரைச் சொன்னால் அவனுடைய பாஸ் போய்விடும் என்று அக்கா ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது.

"தெரியலீங்க சேர்," என்றேன்.

தேநீர் வந்தது. மேஜர் ஒரு மிடறு குடித்தார். பிலோமினா அக்காவின் தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம் என்று கதையை மாற்றினார். பிறகு, "யாரா இருக்கும் இந்த பாஸ்?" என்றார்.

"தெரியலீங்க."

படிவக் கட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். கதவில் கை வைத்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் எங்கே நிற்கிறேன் என்று. நூறு பேரின் முதுகை அந்த மேசையிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். இப்போது என் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது.

"மல்லி..."

அவர் கேட்டு முடிக்க முதல் திரும்பிவிட்டேன்.

"நான்தான் சேர். அது தலைவன் இல்லீங்க. பாஸ். கேட் பாஸ்!" கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றி மேசையில் வைத்தேன். "நான் நாலாம் மாசம் எடுத்தேன். கப்பல்ல போறதுக்கு ஏஜெண்டுகிட்ட குடுத்து ஏமாந்தேன். இன்னும் பதினாலு மாசம் கட்டணும். போமில இல்லைன்னு எழுதினேன். மரியதாசுக்கும் நான்தான் தெரிஞ்சுகிட்டே இல்லைன்னு எழுதினேன்."

மேஜர் பென்சிலைக் கீழே வைத்தார். என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழும்பித் தொப்பியை எடுத்தார்.

"வானை எடுக்கச் சொல்லு."

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி முன்னால் ஒரு தாளில் தமிழில் 'பாஸ்' என்று எழுதிக் காட்டினேன். அச்சகத்தில் படித்ததெல்லாம் அன்று உதவியது. "சேர், தமிழ்ல இந்த ரெண்டு எழுத்துத்தான். கேட் பாஸும் இதுதான். ஆங்கிலத்துல தலைவனுக்குச் சொல்றதும் இதுதான். வீடு கட்டுற மேசனைக் கூப்பிடுற பாஸும் இதுதான். வாசிக்கிறவர்தான் பார்த்து வாசிக்கணும்."

அவர் நம்பவில்லை. "உன்னைக் காப்பாத்த நீ இப்பிடிச் சொல்லலாம்," என்றார்.

"என்னை மாட்டிவிடத்தானே சேர் இதைச் சொல்றேன்!"

மேஜர் மேசையிலிருந்த தொலைபேசியைக் காட்டினார். "துறைமுக வாசலுக்கு எடுங்க. இந்த ஆளின் அடையாளத்தைச் சொல்லிக் கேளுங்க, பெயரென்ன எண்டு."

எடுத்தார். எங்கள் கம்பனி, மெலிந்த ஆள், முன்பல்லில் ஒன்று இல்லை, படிவக் கட்டோடு வருவான், யார் என்று சிங்களத்தில் கேட்டார். வாசலில் நின்ற சிப்பாயின் குரல் எங்களுக்கே கேட்டது. "ஆ, அப்பே பாஸ் அண்ணே!" எங்கள் பாஸ் அண்ணன் என்றான். பொறுப்பதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சீட்டில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு இருவரையும் விட்டார்கள். மரியதாஸின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏனண்ணே சொன்னீங்க? உங்கட பாஸ் போயிருமே!"

"போயிருச்சு."

"உங்களுக்கு விசரா? நான் ஒரு வருசம் வாயத் திறக்காம இருந்திருப்பன்!"

"ஒரு நாளே நீ வாயைத் திறக்காம இருந்தது அதிசயம்டா," என்று அணைத்துக்கொண்டேன்.

பிலோமினா அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். "கட்டிப் பிடிச்சது போதும். ரெண்டு பேரும் இந்த மாசக் காசு இன்னும் தரேல்ல, தெரியுமா?" என்றார். தையல் மெசினைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்தார்கள்.

பின்னேரம் மேஜரின் முன்னால் நின்றேன். வேலையே போய்விடும் என்று நினைத்து, வெள்ளவத்தை அறையில் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"மரியதாஸ் தெரியாம சொன்னவன். அவன்ட போமைத் திருத்து, பாஸ் குடு. நீ தெரிஞ்சு சொன்னவன். கடனுக்கு இல்ல. மூணு தரம் இல்லை எண்டு சொன்னதுக்கு. தரத்துக்கு ஒரு மாசம். மூணு மாசம் உனக்குப் பாஸ் இல்ல. வாசலுக்கு வெளிய நிண்டு லொறில வாற மரக்கறிய எண்ணு."

"நேத்து ரெண்டு தரம் தெரியலைன்னு சொன்னேனே சேர்?"

"அதுக்குக் கழிவு. மூணாம் தரம் நான் கேட்க முன்ன சொன்னாய்."

நான் திரும்பினேன். கதவில் கை வைத்தேன்.

"மல்லி, என்ட போமையும் எடு."

அவருக்கும் பாஸ் உண்டு, அவருக்கும் படிவம் உண்டு. எடுத்துக் கொடுத்தேன். பதினான்காம் கேள்விக்கு 'இல்லை' என்று என் கையால் பேனாவில் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"என்ட நோனா ஒழுங்கையில சீட்டுக் கட்டுறா," என்றார் மெதுவாக. சிங்களத்திலும் அந்தச் சொல் சீட்டுத்தான். "மூணாம் மாசம் எடுத்துக் கூரை போட்டோம். இன்னும் ஏழு மாசம் இருக்கு. அது கடன் எண்டு எனக்கு ஒருநாளும் தோணல்ல, மல்லி. நேத்து நீ சொல்லும்வரைக்கும்."

அழிறப்பரைத் தேடினார். பேனாவால் எழுதியதை அது அழிக்காது என்று அவருக்கு நினைவு வந்தது. கையை நீட்டினார்.

"பேனா."

அவர் பேனாவால் எழுதி அன்றுதான் பார்த்தேன். 'இல்லை'யை ஒரே கோடாக வெட்டி, சீட்டு, மனைவியின் பெயரில், ஏழு மாதம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த முறை அச்சடிக்கும்போது பதினான்காம் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சிஹானா, உன்னுடைய ஆட்கள் பார்த்துச் சிரிக்கும் வரி அதுதான். த்ரீவீலையும் போடச் சொல்லு, கார்டையும் போடச் சொல்லு. எவ்வளவு என்பது பெரிதில்லை, போடச் சொல்லு.

பிறகு மேஜர் தன் பாஸைக் கழற்றி, மேசை லாச்சியைத் திறந்து, என் பாஸுக்குப் பக்கத்தில் போட்டுப் பூட்டினார்.

"சேர், உங்களுக்கு எதுக்கு?"

"என்னை யாரும் மூணு தரம் கேட்கல்ல. ஒரு தரம்தான். ஒரு மாசம்."

அடுத்த திங்கட்கிழமை காலை, துறைமுக வாசலுக்கு வெளியே, நுவரெலியா மரக்கறி லொறியடியில் நாங்கள் இரண்டு பேரும் கோவா மூட்டை எண்ணிக்கொண்டு நின்றோம். மேஜர் காலுறையோடு நின்று பென்சிலால் குறித்தார். நான் எண்ணினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் புதுப் பாஸ் மினுங்க மரியதாஸ் வந்து நின்றான். எங்களைக் கண்டதும் அவனுக்குத் தாங்கவில்லை. துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"பாஸ் அண்ணே! ரெண்டு பாஸும் வெளியிலயா?"

வாசல் சிப்பாய் சிரித்தான். மேஜர் தலை நிமிரவே இல்லை.

"நாப்பத்தொண்டு," என்றார். "எண்ணு மல்லி."